அன்று வேலைக்குப் போனவர்

(இலஞ்சியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் ‘வகுப்பறையில் கலவர வரலாறு’ என்ற பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீசன் நேரத்தில் இலஞ்சியில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள் என்று வழியில் ஒருவர் சொன்னார். அரங்கு நிறைந்திருக்கிறது. அருவியில் இன்று தண்ணீர் வரத்து குறைவோ என்னவோ!

கலவர வரலாறு பற்றிப் பேசும்படி சொல்லியிருக்கிறார்கள். நான் ஆய்வாளர் இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தும் ஆசிரியை. இந்தப் பாடத்தை ஒருமுறை தவறாக நடத்தியவள். அந்தத் தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன். நான் எங்கே தவறினேன், பிறகு என்ன செய்தேன் என்பதைச் சொன்னால் உங்களில் சிலருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் செய்த தவறு

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் ‘தேசியவாத அரசியலில் வகுப்புவாதம்’ என்ற பாடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் 1946 ஆகஸ்ட் 16, நேரடி நடவடிக்கை நாள் வருகிறது. அன்று நான் கரும்பலகையில் தேதியை எழுதினேன். இடம் கல்கத்தா என்று எழுதினேன். இறந்தவர்கள் சுமார் 4,000 என்று எழுதினேன். “முக்கியமான வினா, குறித்துக்கொள்ளுங்கள்” என்றும் சொன்னேன்.

ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: “டீச்சர், மொதல்ல ஆரம்பிச்சது யாரு?”

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். “முஸ்லிம்கள் தாக்கினார்கள். பிறகு இந்துக்கள் திருப்பித் தாக்கினார்கள்.”

அவ்வளவுதான். நாற்பது தலைகள் மெதுவாகத் திரும்பின. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவன் அவன் ஒருவன்தான். அவன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவனும் அவன் பக்கத்தில் இருந்தவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக உட்காருகிறவர்கள், ஒரே சைக்கிளில் வருகிறவர்கள். மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது தறிக்காரர் வீட்டுப் பிள்ளை கடைசி பெஞ்சில் தனியாக இருந்தான்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. யாரும் புகார் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் கொண்டுபோக எதுவுமே இல்லை. ஆனால் ஐம்பது நிமிடப் பாடவேளையில் ஒரு பெஞ்சைப் பிரித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வேறு ஊராக இருந்தால் இதைச் சின்ன விஷயம் என்று விட்டிருப்பேனோ என்னவோ. 2007 ஆகஸ்டில் தென்காசி எப்படிப்பட்ட நாட்களைக் கண்டது என்பது இங்கே இருக்கும் பலருக்கு நினைவிருக்கும். அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த நாட்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று வாசலில் நின்று யோசித்த தாய்மார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த யோசனை இரு சமயத்து வீட்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆகவே நம் பகுதியில் இந்தப் பாடம் வெறும் பாடம் அன்று.

எழுவாயில் இருக்கிறது வினை

அன்று இரவு, நான் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் தாளில் எழுதிப் பார்த்தேன். இங்கே தமிழாசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு உடனே புரியும். ‘முஸ்லிம்கள் தாக்கினார்கள்.’ ‘இந்துக்கள் தாக்கினார்கள்.’ இந்த வாக்கியங்களில் எழுவாய் எது? ஒரு சமயத்தார் அனைவரும். தறிக்காரர் வீட்டுப் பையனும் அந்த எழுவாய்க்குள் வந்துவிடுகிறான். 1946இல் அவனுடைய தாத்தாகூடப் பிறந்திருப்பாரோ மாட்டாரோ! கல்கத்தா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது. இருந்தும் என் வாக்கியம் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

சரியான எழுவாய் எது என்று பார்ப்போம். நேரடி நடவடிக்கை நாளுக்கு அழைப்பு விடுத்தது முஸ்லிம் லீக் கட்சி. அந்த வெள்ளிக்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்தது வங்க மாகாணத்தை ஆண்ட சுஹ்ரவர்தி அமைச்சரவை. கல்கத்தா மைதானத்தில், ஆக்டர்லோனி நினைவுத் தூண் அருகே அன்று பெரிய பொதுக்கூட்டம் நடந்தது. காலையிலேயே மோதல்கள் தொடங்கியிருந்தன. ஆயுதம் தாங்கிய கும்பல்கள் இரண்டு பக்கமும் இருந்தன. காவல்துறை தடுமாறியது. ஆளுநர் பர்ரோஸின் நிர்வாகம் இராணுவத்தை முழு அளவில் தெருவில் இறக்கத் தாமதித்தது. நான்கு நாட்கள் நகரம் எரிந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர்.

கட்சி, அமைச்சரவை, கும்பல், காவல்துறை, ஆளுநர். இவைதாம் எழுவாய்கள். இப்படிச் சொல்லும்போது எந்த உண்மையும் மறைக்கப்படுவதில்லை. இன்னும் கூடுதலாகவே உண்மை வெளிவருகிறது. யார் என்ன முடிவெடுத்தார்கள், யார் கடமை தவறினார்கள் என்று மாணவர் கேட்கத் தொடங்குகிறார். பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் போகிறது.

இன்னொரு செய்தியும் இங்கே சேர வேண்டும். அதே 1946 பிப்ரவரியில், இந்திய தேசிய இராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் அப்துல் ரஷீதுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எதிர்த்து அதே கல்கத்தாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாகத் தெருவில் நின்றார்கள். ஜூலை 29ஆம் நாள், அஞ்சல் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக நகரமே ஒன்றாக நின்று பொது வேலைநிறுத்தம் செய்தது. அதிலிருந்து ஆகஸ்ட் 16க்கு எத்தனை நாள்? பதினெட்டு. இரண்டு சமூகமும் காலங்காலமாகப் பகை என்று சொல்கிறவர்களிடம் இந்தப் பதினெட்டு நாளைப் பற்றிக் கேளுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். பகை இயற்கையாக இருந்திருந்தால் அதை மூட்டிவிட ஆள் தேவைப்பட்டிருக்காது.

தெருவில் இருந்தவர்கள் யார்?

இதுவரை சொன்னது தலைவர்களின் வரலாறு. சாதாரண மக்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பதுதான் நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானது. பாடநூலில் அதற்கு இடம் குறைவு. அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

1946இன் கல்கத்தாவை மனத்தில் கொண்டுவாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் வங்கப் பஞ்சம். மாகாணம் முழுவதும் சுமார் 30 லட்சம் பேர் மடிந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. கிராமங்களிலிருந்து கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் அதே தெருக்களில் விழுந்து கிடந்தார்கள். பிழைத்தவர்கள் ரேஷன் அரிசியில் வாழ்ந்தார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கிழக்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் ரிக்‌ஷா இழுத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள், ஆலைகளில் உழைத்தார்கள். பலருக்கு வீடு கிடையாது. நடைபாதையும் வண்டியடியும்தான் வீடு.

ஆகஸ்ட் 16 ரம்ஜான் மாதத்தில் வந்தது. நோன்பு இருந்தவர்கள் வீட்டில், மாலையில் நோன்பு திறக்கச் சாமான் வாங்க வேண்டும். மற்ற வீடுகளிலும் அடுப்பு எரிய வேண்டும். டிராம் நின்றது. கடைகள் அடைபட்டன, அல்லது சூறையாடப்பட்டன. ஊரடங்கு உத்தரவு வந்தது.

மாடி வீட்டுக்காரர் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளலாம். வீட்டில் பத்து நாளைக்கு அரிசி பருப்பு இருக்கும். தெருவில் படுப்பவர் எந்தக் கதவைத் தாழிடுவார்? கலவரத்தில் இறந்தவர்களில் ரிக்‌ஷா இழுப்பவர்களும் வண்டிக்காரர்களும் கூலிகளும் குடிசைவாசிகளும் அத்தனை பேர் இருந்ததற்கு இதுவே காரணம். மெட்டியாபுரூஸ் பகுதியில் பருத்தி ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். நகரின் வேறு பகுதிகளில் முஸ்லிம் ஏழைகளின் குடிசைகள் எரிக்கப்பட்டன. கொன்றவர்களின் கோஷம் வேறு வேறாக இருந்தது. கொல்லப்பட்டவர்களின் சட்டைப்பை மட்டும் ஒன்றுபோல் காலியாக இருந்தது.

ஒரு சிறுவன் பார்த்தது

இந்த உண்மையை ஒரே ஒரு மனிதரின் கதையாகச் சொன்னவர் அமர்த்தியா சென். 1998இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். கல்கத்தாக் கலவரத்துக்குச் சற்று முன்பு, 1940களின் நடுவில், டாக்கா நகரில் நடந்தது இது. அன்று கல்கத்தா, டாக்கா இரண்டும் ஒரே வங்க மாகாணத்து நகரங்கள். அவருடைய தந்தை அசுதோஷ் சென் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தவர். வீடு, இந்துக்கள் மிகுதியாக வாழ்ந்த வாரி என்ற பகுதியில் இருந்தது.

சிறுவன் அமர்த்தியாவுக்கு அப்போது ஏறத்தாழ பத்து வயது. வீட்டுத் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறான். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் அலறியபடி உள்ளே வருகிறார். முதுகில் கத்திக்குத்து. இரத்தம் கொட்டுகிறது. அவர் பெயர் காதர் மியா. முஸ்லிம் கூலித் தொழிலாளி. பக்கத்து வீடொன்றில் சின்ன வேலைக்காக, சிறு கூலிக்காக, அந்தப் பகுதிக்கு வந்திருந்தார். வழியில் கும்பலில் சிலர் குத்திவிட்டார்கள். சிறுவன் பெரியவர்களைக் கூவி அழைத்துக்கொண்டே அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறான். தந்தை ஓடி வந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார். அங்கே அவர் இறந்துபோகிறார்.

வழியில் காதர் மியா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். இந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மனைவி தடுத்திருக்கிறார். ஆனால் வீட்டில் சாப்பாடு இல்லை. பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். அதனால் வேலைக்குக் கிளம்பினார்.

அமர்த்தியா சென் இந்த நிகழ்ச்சியைத் தம் நூல்களில் ஒருமுறைக்கு மேல் எழுதியிருக்கிறார். இரண்டு பாடங்களை அதிலிருந்து எடுக்கிறார். ஒன்று, வறுமை ஒருவரின் மற்ற உரிமைகளையும் பறித்துவிடுகிறது. அன்று வீட்டில் இருந்துகொள்ளும் உரிமைகூடக் காதர் மியாவுக்கு இல்லை. இரண்டு, தந்தை, தொழிலாளி, அண்டை வீட்டுக்கு உதவ வந்தவர் என்று ஒரு மனிதருக்கு எத்தனையோ அடையாளங்கள் இருக்க, கத்தி பிடித்தவன் ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் பார்த்தான்.

நான் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். காதர் மியாவை எந்த வாசல் உள்ளே விட்டது? ஓர் இந்து ஆசிரியரின் வீட்டு வாசல். அந்த வாசலுக்குள் தண்ணீர் கொடுத்தது ஒரு பள்ளிச் சிறுவன்.

மீண்டும் அதே வகுப்பு

இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். “போன தடவை நான் சரியாகச் சொல்லவில்லை. இன்று திருத்திக்கொள்கிறேன்” என்று தொடங்கினேன். ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்ற பயம் நமக்கு உண்டு. அன்று வகுப்பு இருந்த அமைதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு கணக்குக் கேட்டேன். “நாளை முதல் யாரும் தெருவில் இறங்கக்கூடாது. கடை கிடையாது, பஸ் கிடையாது. உங்கள் வீட்டில் எத்தனை நாள் தாங்கும்? எழுதுங்கள்.”

நம் பகுதி உங்களுக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பேரின் அம்மா பீடி சுற்றுகிறவர். கடையில் பீடி போட்டு, இலையும் தூளும் வாங்கி வந்தால்தான் அடுத்த நாள் வேலை. சிலருடைய அப்பா சீசன் கடைகளில் நிற்கிறவர். சில வீடுகளில் தறி. சில வீடுகளில் கட்டட வேலை. “எங்க வீட்ல ரேஷன் அரிசி இருக்கு டீச்சர், கொழம்புக்குத்தான் ஒண்ணும் இருக்காது” என்றாள் ஒரு பெண். வகுப்பே சிரித்தது. பிறகு விடைகளைப் பலகையில் எழுதினேன். இரண்டு நாள், மூன்று நாள், ஒரு நாள், ஒரு வாரம். பெரும்பாலானவை மூன்று நாளுக்குள் முடிந்துவிட்டன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் மூன்று நாள் என்றே எழுதியிருந்தான். அவனுடைய பழைய பெஞ்சுக்காரனும் அப்படியே.

“நாலாவது நாள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“அப்பா வெளிய போவாங்க” என்றான் ஒருவன். யார் சொன்னதையும் யாரும் மறுக்கவில்லை. அப்போதுதான் காதர் மியாவின் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எந்தத் தலையும் எந்த பெஞ்சின் பக்கமும் திரும்பவில்லை. எல்லாருக்கும் அவரவர் அப்பா நினைவுக்கு வந்திருப்பார்.

முன்பு வினா எழுப்பிய அதே மாணவர் மறுபடி எழுந்தார். “டீச்சர், அந்த வீட்ல கதவு பூட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?” ‘ஆரம்பித்தது யார்’ என்ற கேள்வியிலிருந்து இந்தக் கேள்விக்கு அவர் வந்து சேர்ந்ததுதான் அந்தப் பாடத்தின் கற்றல் விளைவு என்று நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாளே இரண்டு நண்பர்களும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. மூன்று வாரம் போல் ஆயிற்று. ஒருநாள் பார்த்தால் ஒரே பெஞ்சில் ஒரே நோட்டை வைத்துக்கொண்டு இருந்தார்கள். காரணம் என் பாடமா, நெருங்கி வந்த காலாண்டுத் தேர்வா என்று நான் கேட்கவில்லை.

தணித்தவர்களையும் சொல்லுங்கள்

கலவரம் மூண்டதைச் சொல்லும் நாம், தணிந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கல்கத்தாவில் மூண்ட தீ அக்டோபரில் நவகாளிக்கும், பிறகு பீகாருக்கும் பரவியது. ஓரிடத்துச் செய்தி வதந்தியாகப் பெருகி அடுத்த இடத்தில் பழிக்குக் காரணமாயிற்று. ஆனால் 1947 ஆகஸ்டில் அதே கல்கத்தாவில் இன்னொரு காட்சியும் நடந்தது.

ஆகஸ்ட் 13ஆம் நாள் காந்தியடிகள் பேலியாகட்டா பகுதியில் ஹைதரி மன்சில் என்ற பழைய வீட்டில் தங்க வந்தார். தம்முடன் அதே கூரையின் கீழ் தங்கும்படி அவர் அழைத்தது சுஹ்ரவர்தியை. ஆம், முந்தைய ஆண்டு விடுமுறை அறிவித்த அதே சுஹ்ரவர்தியைத்தான். நாடு விடுதலை பெற்ற நாளைக் காந்தியடிகள் டில்லியில் கொண்டாடவில்லை. அந்த வீட்டில் உண்ணாநோன்பிருந்து நூல் நூற்றுக் கழித்தார். நகரில் இரு சமயத்தாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஆனால் ஆகஸ்ட் 31 இரவு ஒரு கும்பல் அந்த வீட்டையே தாக்கியது. செப்டம்பர் 1ஆம் நாள் அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். நகரத்துக் காவலர்கள் பலர் பணியில் இருந்தபடியே ஒருநாள் நோன்பிருந்தார்கள். கலகக்காரர்கள் வந்து ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். செப்டம்பர் 4ஆம் நாள் நோன்பு முடிந்தது. அந்த நாட்களில் அமைதிப் பணிக்காகத் தெருவில் இறங்கி உயிர் கொடுத்தவர் சசீந்திரநாத் மித்ரா. பாடத்தில் அந்தப் பெயரையும் ஒரு வரி சொல்லுங்கள்.

அதுபோல 1931 மார்ச்சில் கான்பூர். பகத்சிங் தூக்கிலிடப்பட்ட மறுநாள் அங்கே கலவரம் மூண்டது. ‘பிரதாப்’ இதழின் ஆசிரியர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி, இரு சமயத்துக் குடும்பங்களையும் ஆபத்தான தெருக்களிலிருந்து மீட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். மார்ச் 25ஆம் நாள் அந்தப் பணியிலேயே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40.

இதெல்லாம் வடநாட்டுக் கதை என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. 1882இல் நம் சேலத்திலும் கோயில் ஊர்வலப் பாதையையும் பள்ளிவாசலையும் ஒட்டி எழுந்த தகராறு கலவரமாயிற்று. அந்த வழக்கில் நகராட்சி உறுப்பினரான சி. விஜயராகவாச்சாரியாருக்குத் தூண்டிவிட்டார் என்று 10 ஆண்டு தண்டனை விதித்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரே 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். கலவரம் ஓய்ந்த பின்னும் பொய்ச் சாட்சி ஓய்வதில்லை என்பதற்கு இந்த வழக்கு நல்ல எடுத்துக்காட்டு.

நாம் செய்யக்கூடியவை

நேரம் குறைவு. நடைமுறைக்குச் சில குறிப்புகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எழுவாய். கலவரம் பற்றிய பத்தியைப் பலகையில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு சமயத்தின் பெயர் எழுவாயாக இருந்தால் அதற்குப் பதிலாகக் கட்சியா, கும்பலா, அரசா, அதிகாரியா என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். வரலாறும் தமிழும் ஒரே பாடவேளையில் நடந்துவிடும்.

இரண்டாவது, எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். 4,000 என்ற எண் தேர்வுக்கு வேண்டும். மனத்துக்கு ஒரு காதர் மியா வேண்டும். அதே சமயம் பிணங்கள் கிடக்கும் புகைப்படங்களைக் காட்டி அதிர்ச்சி ஏற்படுத்த வேண்டாம். பயந்த பிள்ளை சிந்திக்காது.

மூன்றாவது, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு. உங்கள் வகுப்பில் கலவரம் என்ற சொல்லே வேண்டாம். காதில் சொல்லும் விளையாட்டு ஒன்று போதும். முதல் பிள்ளையின் காதில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வரிசையின் கடைசியில் அது என்னவாக வந்து சேர்கிறது என்று கேட்டுச் சிரிக்கட்டும். பிறகு, “இதை நம்பி ஒருத்தரோட சண்டை போட்டிருந்தா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கைபேசியில் வந்ததை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பும் வீடுகளில் வளரும் பிள்ளைகள் அவர்கள். எட்டு வயதில் கற்கும் இந்தப் பாடம் பதினெட்டு வயதில் உதவும்.

நான்காவது, இருக்கை. சமயமும் சாதியும் தானாகவே பெஞ்சு பிரித்துக்கொள்ளும் வகுப்புகள் உண்டு. மாதம் ஒருமுறை இடத்தை மாற்றிவிடுவது சின்னக் காரியம். பக்கத்தில் உட்கார்ந்து பழகியவரின் முகம் தெரியும். முகம் தெரிந்தவரை ‘அவர்கள்’ என்று சொல்ல நாக்கு வராது.

ஐந்தாவது, உள்ளூர். கடையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பொட்டல்புதூர். அந்தக் கந்தூரிக்கு எல்லாச் சமயத்தாரும் போவதை நாம் சிறுவயதிலிருந்து பார்க்கிறோம். செல்லம்மாவின் ஊரான கடையத்தில் பாரதியார் வாழ்ந்த காலத்தில், 1920இல், பொட்டல்புதூருக்குச் சென்று இஸ்லாத்தின் பெருமை பற்றிப் பேசினார். வகுப்பில் இதைச் சொல்லி, “உங்கள் தெருவில் இரண்டு சமயத்தாரும் சேர்ந்து செய்யும் காரியம் எது? பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள்” என்று அனுப்புங்கள். என் மாணவர்கள் கொண்டுவந்தவற்றில் திருவிழாவைவிட அதிகம் வந்தது வேறு: பிரசவ நேரத்தில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தது, கடன் கொடுத்தது, பீடிக் கடைக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது. பதற்றம் வரும் நாளில் கதவு திறக்குமா என்பது பதற்றம் இல்லாத நாட்களின் இந்தச் சின்னக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது.

அன்பான ஆசிரியர்களே, கலவரத்தை நிறுத்தும் அதிகாரம் நம்மிடம் இல்லை. அதற்கு அரசும் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. நம் கையில் இருப்பது ஒரு பாடவேளை. அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் எந்தக் கேள்வியோடு வெளியே போகிறார்கள் என்பது நம் பொறுப்பு. ‘ஆரம்பித்தது யார்?’ என்று கேட்பது தவறில்லை; அதற்கு ஆதாரத்தோடு விடை சொல்லுங்கள். ஆனால் பாடம் அங்கே முடிந்துவிட வேண்டாம். ‘அன்று வேலைக்குப் போனவர் வீடு திரும்பினாரா?’ என்ற கேள்வியும் பலகையில் இருக்கட்டும்.